எது பெரிது? எப்போது பெரிது?

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது, முதலில் இருந்த எண்ணைவிடப் பெரியதா, சிறியதா? படித்தவர்கள் பலரும் தயங்காமல் சொல்லும் விடை, 'பெரியது' என்பதுதான். மூன்றின் வர்க்கம் ஒன்பது, பத்தின் வர்க்கம் நூறு என்று உடனே சான்றும் காட்டுவார்கள். ஆனால், அரையின் வர்க்கம் கால். ஒன்றின் வர்க்கம் ஒன்றேதான். எனவே, இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை, 'எந்த எண் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்' என்பதே.

எளிய புதிராகத் தோன்றும் இக்கேள்விதான் பல வேடங்களில் இன்றைய போட்டித் தேர்வுகளில் இடம்பெறுகிறது. கணித நூல்கள் இதனை 'அசமன்பாடு' என்ற தலைப்பின்கீழ் கற்பிக்கின்றன. இரண்டு அளவுகள் சமம் என்று கூறுவது சமன்பாடு. ஒன்று மற்றொன்றைவிடப் பெரியது அல்லது சிறியது என்று கூறுவது அசமன்பாடு. சமக்குறியை ராபர்ட் ரெகார்டு 1557-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தினார். இன்று நாம் பயன்படுத்தும் '>', '<' ஆகிய குறிகள், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1631-இல் அச்சான அவரது நூலில்தான் இடம்பெற்றன.

அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் முதுநிலைக் கல்வி பயில விரும்புவோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதியில் 'அளவு ஒப்பீடு' என்றொரு வினா வகை உண்டு. இரண்டு அளவுகள் தரப்படும். விடைகள் எப்போதும் நான்கு: முதல் அளவு பெரியது, இரண்டாவது அளவு பெரியது, இரண்டும் சமம், தரப்பட்ட தகவலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. பள்ளி முடித்தவர்களுக்கான எஸ்.ஏ.டி. தேர்விலும் இவ்வகை வினாக்கள் இருந்தன. 2005-இல்தான் அவை நீக்கப்பட்டன. நம் நாட்டில் வங்கி அலுவலர் பணிக்காக ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்விலும் இதற்கு நெருங்கிய உறவுள்ள வினாக்கள் வருவது வழக்கம். அத்தேர்வின் முதல் கட்டத்தில் கணிதத் திறன் பகுதிக்கு 35 வினாக்கள், 20 நிமிடங்கள். ஒரு வினாவுக்குச் சராசரியாக 34 விநாடிகள்! தவறான விடைக்கு, அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு கழிக்கப்படும்.

இத்தகைய வினாக்களில் மாணவர்கள் சறுக்குவதற்குக் காரணம் இயற்கணிதம் தெரியாமை அன்று. கல்லூரியில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் மீண்டும் மீண்டும் கண்டது இதுதான்: வினாவில் இல்லாத ஒரு தகவலை மாணவர்கள் தாமாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். ஓர் எழுத்தைக் கண்டதும் அது 2, 3, 5 போன்ற ஓர் எண்ணாகத்தான் இருக்கும் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அது பின்னமாக இருக்கலாம், சுழியாக இருக்கலாம், குறை எண்ணாகவும் இருக்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை. எண்ணத் தொடங்கிய காலத்திலிருந்து நாம் பழகியவை இயல் எண்களே என்பதால் இது வியப்புக்குரியதன்று. ஆனால், இந்தப் பழக்கத்தைத் தாண்டுவதுதான் இயற்கணிதம் கற்பதன் பொருள்.

நான்கு பகுதிகள், நான்கு வரிசைகள்

தேர்வுகளில் அடிக்கடி தென்படும் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். தெரியாத எண்ணை 'க' என்ற எழுத்தால் குறிப்போம். க, அதன் வர்க்கமான க², அதன் கனமான க³, அதன் தலைகீழியான 1/க ஆகிய நான்கையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டும்.

'க' ஒன்றைவிடப் பெரியது என்றால் வேலை எளிது. இரண்டு என்று வைத்துப் பாருங்கள்: தலைகீழி அரை, எண் இரண்டு, வர்க்கம் நான்கு, கனம் எட்டு. ஆகவே வரிசை: 1/க < க < க² < க³. நமக்குப் பழகிய உலகம் இது.

சுழிக்கும் ஒன்றுக்கும் இடையே 'க' இருந்தால், இந்த வரிசை அப்படியே தலைகீழாகிறது. அரை என்று வைத்தால் கனம் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, வர்க்கம் கால், எண் அரை, தலைகீழி இரண்டு. வரிசை: க³ < க² < க < 1/க. ஒன்றுக்குக் குறைந்த பின்னத்தால் ஒரு மிகை எண்ணைப் பெருக்குவது என்பது அதில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வதாகும். பெருக்கப் பெருக்க அளவு சுருங்குவது அதனால்தான்.

சுழியைத் தாண்டி இடப்புறம் சென்றால் நிலைமை மேலும் மாறுகிறது. 'க' என்பது -1-க்கும் சுழிக்கும் இடையே இருப்பதாகக் கொள்வோம். -1/2 என்று வைத்தால் தலைகீழி -2, எண் -1/2, கனம் -1/8, வர்க்கம் 1/4. வரிசை: 1/க < க < க³ < க². இங்கே கனம் எண்ணைவிடப் பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு கடன், பாதிக் கடனைவிட மேலானது அல்லவா? அதுபோலத்தான்.

நான்காவதாக, 'க' என்பது -1-ஐவிடச் சிறியது என்றால், -2 என்று வைத்துப் பார்க்கலாம். கனம் -8, எண் -2, தலைகீழி -1/2, வர்க்கம் 4. வரிசை: க³ < க < 1/க < க².

ஒரே நான்கு உருப்படிகள். எண்கோட்டின் நான்கு பகுதிகளில் நான்கு வெவ்வேறு வரிசைகள். 'எது பெரிது?' என்ற கேள்விக்குள் 'எங்கே?' என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. இந்த நான்கு வரிசைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லைகள் -1, 0, 1 ஆகிய மூன்றும்தான் என்பதை அறிந்தால் போதும்.

முந்துவதற்கு முன் சந்திக்க வேண்டும்

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். ஒரு பகுதியில் எண்ணற்ற எண்கள் இருக்கின்றன. அரை என்ற ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு, சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எல்லா எண்களுக்கும் அதே வரிசைதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? பயிற்சி மையங்கள் 'ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள்' என்று கற்றுத்தரும்போது, பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கேள்வியைத்தான்.

ஓடுதளத்தில் இருவர் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருபவர் முன்னால் செல்பவரை முந்த வேண்டுமானால், ஒரு கணமாவது இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். சேராமல் முந்த முடியாது. இயற்கணித அளவுகளும் அப்படியே. 'க' சிறிது சிறிதாக மாறும்போது க², க³ ஆகியவையும் தாவாமல் தொடர்ச்சியாக மாறுகின்றன. ஒன்றை மற்றொன்று முந்துவதற்கு முன் அவை எங்கோ சமமாக வேண்டும். க = க² என்பது 0, 1 ஆகிய இடங்களில் மட்டுமே உண்மை. க = க³ என்பது -1, 0, 1 ஆகிய இடங்களில் மட்டுமே. க = 1/க என்பது -1, 1 ஆகிய இடங்களில் மட்டுமே. மற்ற இணைகளைச் சோதித்தாலும் இதே மூன்று எண்களுக்கு வெளியே எந்தச் சந்திப்பும் இல்லை. தலைகீழி மட்டும் சுழியில் அறுந்து தாவுகிறது. அந்தச் சுழியும் நம் எல்லைகளுள் ஒன்றுதான். ஆகவே, அடுத்தடுத்த இரண்டு எல்லைகளுக்கு இடையே வரிசை மாறவே முடியாது. அங்கே ஓர் எண்ணைச் சோதித்தால் போதும்.

ஆக, அசமன்பாட்டுக்கான வழி சமன்பாட்டின் வழியாகத்தான் செல்கிறது. 'எங்கே சமம்?' என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அவையே எல்லைக் கற்கள். கோவை அறுந்துபோகும் இடம் ஏதேனும் இருந்தால் அதையும் எல்லையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு பகுதியிலும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த வழி புரிந்தவருக்கு 34 விநாடிகள் குறைவானதன்று.

எல்லையைக் காணாமல் எண்ணை மட்டும் போட்டுப் பார்ப்பதில் உள்ள ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 'க' ஓர் இயல் எண். 2-ஐ 'க' முறை பெருக்கிக் கிடைப்பது பெரியதா, க² பெரியதா? ஒரு மாணவர் 1 என்று வைத்துப் பார்க்கிறார்: 2, 1, முதலாவது பெரியது. ஐந்து என்று வைக்கிறார்: 32, 25, முதலாவதே பெரியது. பத்து என்று வைக்கிறார்: 1,024, 100, ஐயமே இல்லை. மூன்று சோதனைகளும் ஒரே விடையைச் சொல்கின்றன. ஆனால் மூன்று என்று வைத்தால் 8, 9, இரண்டாவது பெரியது! இரண்டிலும் நான்கிலும் இரு அளவுகளும் சமம். அந்த இரண்டு எல்லைக் கற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் ஒரே இயல் எண்ணான மூன்று, மூன்று சாட்சிகளையும் பொய்யாக்கிவிடுகிறது. ஆயிரம் எடுத்துக்காட்டுகள் சேர்ந்தாலும் ஒரு பொதுக்கூற்றை மெய்ப்பிக்க முடியாது. ஒரேயோர் எதிர் எடுத்துக்காட்டு அதைத் தகர்த்துவிடும்.

கேட்காத இடத்தில் திரும்பும் குறி

அசமன்பாட்டைக் கையாளும்போது நேரும் மற்றொரு பிழை, குறை எண்ணால் பெருக்குவது பற்றியது. மூன்று ஐந்தைவிடச் சிறியது. ஆனால் -3 என்பது -5-ஐவிடப் பெரியது. மூவாயிரம் ரூபாய் கடன்பட்டவர் ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். இரு பக்கங்களையும் குறை எண்ணால் பெருக்கினால் அசமன்பாட்டின் குறி திரும்பிக்கொள்ளும் என்ற விதி இதிலிருந்து பிறக்கிறது.

விதி எல்லோருக்கும் தெரியும். அது எப்போது பொருந்தும் என்பதைக் காண்பதில்தான் சிக்கல். 1/க > 2 என்று தரப்பட்டால், பலர் இரு பக்கங்களையும் 'க' என்பதால் பெருக்கி, 1 > 2க என்று எழுதி, 'க' அரையைவிடச் சிறியது என்று முடிக்கிறார்கள். அப்படியானால் -4 என்பதும் விடையாக வேண்டும். ஆனால் அதன் தலைகீழி -1/4. அது இரண்டைவிடப் பெரியதன்று. பெருக்கிய கணத்தில் 'க' மிகை எண் என்று யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டதுதான் பிழை. சரியான விடை, 'க' சுழிக்கும் அரைக்கும் இடையே உள்ளது என்பதே. எழுத்துக்கு முன்னால் கழித்தல் குறி இல்லாவிட்டால் அது மிகை எண்தான் என்ற எண்ணம் எத்தனை ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

வங்கித் தேர்வு வினாக்களும் இதே இடத்தைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. க² = 25 என்பது முதல் கூற்று; 25-இன் வர்க்கமூலம் 'ச' என்பது இரண்டாவது கூற்று. இரண்டும் சமம் என்று விடை குறிப்பவர்கள் உண்டு. வர்க்கமூலக் குறி என்பது மரபுப்படி மிகை மூலத்தை மட்டுமே சுட்டும்; ஆகவே 'ச' ஐந்துதான். ஆனால் 'க' ஐந்தாகவும் இருக்கலாம், -5 ஆகவும் இருக்கலாம். எனவே 'க' என்பது 'ச'-வைவிடச் சிறியது அல்லது அதற்குச் சமம் என்பதே விடை.

இருபடிச் சமன்பாடுகளிலும் இதே கதைதான். க² - 7க + 12 = 0 என்பதன் மூலங்கள் 3, 4. ச² - 9ச + 20 = 0 என்பதன் மூலங்கள் 4, 5. எந்த இணையை எடுத்தாலும் 'க' என்பது 'ச'-வைத் தாண்டுவதில்லை, ஓரிடத்தில் சமமாகிறது. எனவே 'சிறியது அல்லது சமம்'. இப்போது க² - 8க + 15 = 0, ச² - 8ச + 16 = 0 என்ற இணையைப் பாருங்கள். முதலாவதன் மூலங்கள் 3, 5. இரண்டாவதற்கு 4 மட்டுமே. 'க' மூன்றானால் சிறியது, ஐந்தானால் பெரியது. உறவைத் தீர்மானிக்க இயலாது என்பதே இங்கே சரியான விடை.

'இயலாது' என்பதும் ஓர் அறிவே

'தீர்மானிக்க இயலாது' என்ற இந்த விடை குறித்துச் சற்று விரிவாகப் பேச வேண்டும். நம் வகுப்பறைகளில் இதற்கு மதிப்பு மிகக் குறைவு. வினா என்று ஒன்று இருந்தால், அதற்கு எண்ணாக ஒரு விடை இருந்தே தீர வேண்டும் என்று மாணவர்கள் நம்பி வளர்கிறார்கள். 'தெரியவில்லை' என்பதும், 'தரப்பட்ட தகவலைக் கொண்டு சொல்ல முடியாது' என்பதும் அவர்களுக்கு ஒன்றாகவே படுகின்றன. ஆனால் இரண்டும் எதிரெதிரானவை. முன்னது அறியாமை, பின்னது அறிவு. 'க' பெரியதாக இருக்கும் ஒரு நிலையையும், சிறியதாக இருக்கும் ஒரு நிலையையும் காட்ட முடிந்தவரே 'இயலாது' என்று சொல்லும் உரிமை பெறுகிறார். அந்த விடைக்குப் பின்னால் ஒரு முழுமையான நிறுவல் இருக்கிறது.

தருக்கத் திறன் பகுதியில் வரும் எளிய வினாவிலும் இதைக் காணலாம். ப > ம, ம > த என்றால் ப > த என்பது உறுதி. கணிதம் இதைக் கடப்புப் பண்பு என்கிறது. ஆனால் ப > ம, த > ம என்று தரப்பட்டால், ப, த ஆகிய இரண்டில் எது பெரியது? இரண்டும் 'ம'-வைவிடப் பெரியவை என்பது மட்டுமே நமக்குத் தெரியும். ஒருவரையே வென்ற இருவரில் யார் வலியவர் என்பதை அந்த வெற்றிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மனமோ, எழுதப்பட்ட வரிசையைப் பார்த்து ஏதேனும் ஒரு முடிவுக்குத் தாவவே விரும்புகிறது.

மதிப்பெண் கழிக்கும் முறையும் இதே பாடத்தைத் தன் வழியில் கற்பிக்கிறது. ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், சராசரியாக ஐந்து முறைக்கு ஒரு முறை ஒரு மதிப்பெண் கிடைக்கும். நான்கு முறை கால் கால் மதிப்பெண்ணாக மொத்தம் ஒரு மதிப்பெண் போய்விடும். நிகரப் பயன் சுழி. ஒரு விடையையாவது தவறென்று உறுதியாக நீக்க முடிந்தவருக்கே துணிவு பயன் தரும். அரைகுறை அறிவையும் அளந்து பயன்படுத்தலாம். அறிவே இல்லாத துணிவுக்குக் கூலி இல்லை.

தேர்வு அறைக்கு வெளியே

இவையெல்லாம் தேர்வோடு முடிந்துபோகும் வித்தைகள் என்று கருதினால், இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆங்கிலத்தில் அசமன்பாட்டுக்கும், சமூகத்தில் நிலவும் சமத்துவமின்மைக்கும் ஒரே சொல்தான். தமிழில் இரு சொற்கள் இருப்பது நல்லதே. எனினும் இரண்டுக்கும் இடையே உள்ள உறவை அந்த வேறுபாடு மறைத்துவிடக் கூடாது.

தேர்வுகளில் வரும் மற்றொரு வினா இது: அ, ஆ இரண்டும் மிகை எண்கள், 'அ' சிறியது. அ/ஆ என்ற பின்னத்தின் தொகுதியிலும் பகுதியிலும் ஒரே மிகை எண்ணைக் கூட்டினால் பின்னம் கூடுமா, குறையுமா? குறுக்குப் பெருக்கம் செய்தால் விடை கிடைத்துவிடும்: கூடும். 'அ' பெரியதாக இருந்திருந்தால் குறையும். இரு நிலைகளிலும் பின்னம் ஒன்றை நோக்கி நகர்கிறது. இங்கே எல்லைக்கல் ஒன்று.

இதையே ஊதியமாக எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய், மற்றவருக்கு 40,000 ரூபாய். இருவருக்கும் 10,000 ரூபாய் உயர்த்தினால், சிறிய ஊதியம் பெரிய ஊதியத்தில் பாதியாக இருந்தது ஐந்தில் மூன்று பங்காகிறது. ஆனால் இடைவெளி அதே 20,000 ரூபாய்தான். மாறாக, இருவருக்கும் பத்து விழுக்காடு உயர்த்தினால் ஊதியங்கள் 22,000, 44,000 ஆகின்றன. விகிதம் மாறவில்லை, இடைவெளியோ 22,000 ஆகிவிட்டது. ஏற்றத்தாழ்வு குறைந்ததா, கூடியதா, அப்படியே இருக்கிறதா? விகிதத்தால் அளப்பவர் ஒன்று சொல்வார். இடைவெளியால் அளப்பவர் வேறொன்று சொல்வார். பிரெஞ்சுப் பொருளியலறிஞர் செர்ஜ் கோம் 1976-இல் இந்த இரு பார்வைகளையும் வேறுபடுத்திக் காட்டினார். ஊதியப் பேச்சுவார்த்தைகளில் இரு தரப்பும் ஒரே புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு எதிரெதிராகப் பேசுவதன் இரகசியம் இதில் இருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. எதை ஒப்பிடுகிறோம் என்பதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். வருமானப் பங்கீட்டைக் காட்ட, அமெரிக்கப் பொருளியலறிஞர் மாக்ஸ் லாரன்ஸ் 1905-இல் ஒரு வளைகோட்டை உருவாக்கினார். மக்களை ஏழையிலிருந்து செல்வர் வரை நிறுத்தி, அடியிலிருந்து இத்தனை பேருக்கு மொத்த வருமானத்தில் எவ்வளவு சென்று சேர்கிறது என்பதைக் கூட்டிக்கொண்டே போவது அந்த முறை. கற்பனையாக ஐந்து பேர் வாழும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மொத்த வருமானம் 100. முதல் ஊரில் பங்கீடு 5, 20, 25, 25, 25. இரண்டாவது ஊரில் 12, 12, 12, 14, 50. எந்த ஊரில் சமத்துவம் அதிகம்?

அடிநிலையில் உள்ள ஒருவரை மட்டும் பார்த்தால், முதல் ஊரில் அவருக்கு 5, இரண்டாவதில் 12. இரண்டாவது ஊர் மேலானது. அடிநிலையில் உள்ள இருவரைச் சேர்த்துப் பார்த்தால் 25, 24. இப்போது முதல் ஊர் மேலானது. இரண்டு வளைகோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. பரவலாகப் பயன்படும் கினி குறியீட்டைக் கணக்கிட்டால் முதல் ஊருக்கு 0.18, இரண்டாவதற்கு 0.31, முதல் ஊரில் ஏற்றத்தாழ்வு குறைவு என்று அந்த ஒற்றை எண் தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால், அந்த ஊரின் கடைசி மனிதர் பெறுவது வெறும் 5 என்பதை அது மறைத்துவிடும்.

பிரிட்டன் பொருளியலறிஞர் அந்தோணி அட்கின்சன் 1970-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு தெளிவு தந்தார். சராசரி வருமானம் ஒன்றாக இருந்து, வளைகோடுகள் வெட்டிக்கொள்ளாவிட்டால், செல்வரிடமிருந்து ஏழைக்குச் செல்லும் வருமானம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் என்று ஏற்கும் எந்த அளவுகோலும் ஒரே வரிசையைத்தான் தரும். வெட்டிக்கொண்டால், அளவுகோலுக்கு அளவுகோல் தீர்ப்பு மாறலாம். அப்போது நாம் யாருடைய நிலைக்கு எவ்வளவு மதிப்பளிக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமர்த்திய சென் 1973-இல் வெளிவந்த பொருளாதாரச் சமத்துவமின்மை குறித்த தமது நூலில், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை என்பதை வலியுறுத்தினார். சில இணைகளை ஒப்பிடலாம். சிலவற்றை ஒப்பிட இயலாது. இது, தேர்வுத்தாளின் கடைசி விடையைப் பொருளியலின் மொழியில் சொன்னதன்றி வேறென்ன?

கற்பிக்க வேண்டியது என்ன?

இன்று கல்லூரிகளுக்கும் நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் தரவரிசைப் பட்டியல்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. எதை எதனோடு, எந்த அளவுகோலால், எந்த எல்லைக்குள் ஒப்பிட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் குடிமக்களுக்கு வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே, மிகக் குறைந்த செலவில் விதைக்கக்கூடிய இடம் அசமன்பாடு. ஆனால், பாடத்திட்டத்தில் அது பெரும்பாலும் சமன்பாட்டின் பிற்சேர்க்கையாகவே நடத்தப்படுகிறது. விடையைக் கண்டுபிடித்து, எண்கோட்டில் குறித்து, அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறோம்.

இதற்குப் புதிய பாடநூல்களோ கருவிகளோ தேவையில்லை. வாரத்துக்கு ஒரு முறை, கரும்பலகையில் ஒரு கூற்றை எழுதி, 'இது எப்போதும் உண்மையா, சில நேரம் மட்டும் உண்மையா, ஒருபோதும் உண்மையில்லையா?' என்று கேட்டால் போதும். 'வர்க்கம் எண்ணைவிடப் பெரியது' என்பதில் தொடங்கலாம். எந்த மாணவர் எதிர் எடுத்துக்காட்டைக் கண்டுபிடிக்கிறாரோ அவரைப் பாராட்டலாம். அதன்பின் 'அது உண்மையாக இருக்க என்ன நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்?' என்று கேட்கலாம். 'க' என்பது சுழியும் ஒன்றும் அல்லாத முழு எண் என்று சேர்த்தால் அதே கூற்று எப்போதும் உண்மையாகிவிடுகிறது என்பதை மாணவர்களே கண்டடைவார்கள். நிபந்தனையின் மதிப்பை அவர்கள் அப்போது உணர்வார்கள்.

குறுக்குவழிகளைப் பழிப்பது என் நோக்கமன்று. சிற்றூர்க் கல்லூரியிலிருந்து வந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வங்கித் தேர்வு எழுதும் இளைஞருக்கு ஒவ்வொரு விநாடியும் அரியது. அவருக்குக் குறுக்குவழி வேண்டும்தான். ஆனால், அந்த வழி எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தருவதே அவருக்குச் செய்யும் நியாயம். பணம் செலவிட்டுப் பயிற்சி பெற முடியாதவர்களுக்குப் பள்ளி வகுப்பறை ஒன்றே வழி. அங்கே காரணம் கற்பிக்கப்படாவிட்டால், பயிற்சிக் கட்டணம் செலுத்த முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையே தேர்வே புதியதோர் ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவிடும்.

எண்களை வரிசைப்படுத்தும் முன் அவை வாழும் இடத்தைக் கேட்க வேண்டும். சமமாகும் இடங்களைக் குறிக்க வேண்டும். தகவல் போதாவிட்டால் போதவில்லை என்று துணிந்து சொல்ல வேண்டும். இம்மூன்றையும் கற்றுக்கொண்ட மாணவர் தேர்வில் சில மதிப்பெண்களைக் கூடுதலாகப் பெறுவார். அதைவிடப் பெரிய பயன், எவரேனும் ஒரு பட்டியலை நீட்டி 'இது பெரிது, அது சிறிது' என்று உரத்துச் சொல்லும்போது, 'எப்போது? எந்த அளவுகோலால்?' என்று அமைதியாகக் கேட்கக்கூடிய குடிமகனாகவும் அவர் இருப்பார் என்பதே.